சீட்டில்லாத நோயாளி

அந்தக் கிளினிக்கில் டாக்டரைவிட அதிகமாகத் திட்டு வாங்கியது வாசல் மேசைதான். அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நர்ஸுக்குத் தராசக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். சளி என்று வந்தாலும் சரி, சுளுக்கு என்று வந்தாலும் சரி, செருப்பைக் கழற்றிவிட்டு எடை மெஷினில் ஏறியே ஆகவேண்டும். அப்புறம் நாடி, பிரஷர், காய்ச்சல். அதன் பிறகு ஏழெட்டுக் கேள்விகள். எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி, போன தடவைச் சீட்டோடு சேர்த்துக் குத்தி உள்ளே அனுப்புவாள். சீட்டில்லாமல் டாக்டர் யாரையும் பார்க்கமாட்டார்.

"தொண்டை வலிக்கு எதுக்கும்மா எடை? என்னைக் கிலோ கணக்குல விக்கப் போறீங்களா?" என்று கேட்பார்கள்.

"வித்தா யாரு வாங்குவா? ஏறுங்க" என்பாள்.

வாய் நீளம்தான். ஆனால் வேலை சுத்தம். நூறு பேர் வந்தால் தொண்ணூறு பேருக்குச் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வயிற்றெரிச்சல். மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒரு வாரத்தில் எழுந்து நடமாடுவார்கள். மீதிப் பத்துப் பேரும் அதே சளி, அதே எரிச்சல் என்றுதான் சொல்லிக்கொண்டு வருவார்கள். அந்தப் பத்துப் பேரைப் பிரித்தெடுக்கத்தான் மேசை. நெஞ்செரிச்சல் என்று மூன்று தடவை வந்தார் ஒரு தையல்காரர். மூன்றாவது சீட்டில் நாலு கிலோ குறைந்திருந்ததைப் பார்த்துச் சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பியவள் இவள்தான். வயிற்றில் இருந்த கட்டியைச் சின்னதாக இருக்கும்போதே அறுத்தெடுத்தார்கள். மனிதர் இன்றைக்கும் தையல் மெஷின் மிதிக்கிறார்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் சொந்த வீட்டு ஆள் விஷயத்தில் கண் அவிந்துபோனது.

கிளினிக்குக்குப் பக்கவாட்டில் இன்னொரு கதவு உண்டு. அது அங்கே வேலை செய்பவர்களுக்கும் அவர்கள் வீட்டு மனிதர்களுக்கும். அந்த வழியாக வந்தால் வரிசை கிடையாது, மேசை கிடையாது, சீட்டும் கிடையாது. இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் டாக்டர் நின்றபடியே நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, அலமாரியில் இருக்கும் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடுவார். யாரும் போட்ட சட்டமில்லை, ஒரு மரியாதை. அந்த மரியாதையில் தராசக்காவுக்கு எவ்வளவு பெருமை! ஊரெல்லாம் பெஞ்சில் காத்துக்கிடக்க, தன் தங்கையைக் கையைப் பிடித்து நேரே உள்ளே கூட்டிப்போவாள்.

தங்கைக்கு நாற்பத்திரண்டு வயது. பக்கத்துத் தெருவில் மழலையர் பள்ளி டீச்சர். அம்மா போனபோது அவளுக்கு ஆறு வயது. அதிலிருந்து எல்லாம் அக்காதான்.

"அக்கா, வயிறு எரியுது. ரெண்டு வாய் சாப்பிட்டா ரொம்பிடுது" என்று வந்தாள் முதல் தடவை.

"காலையில பட்டினியா ஓடிட்டு, நாள் பூரா பசங்களோட கத்தினா எரியாம என்ன பண்ணும்? வா உள்ள."

"கேஸ்தாம்மா, நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்தார். எரிச்சல் அடங்கியது. ஒரு மாதம் கழித்து அசதி என்று வந்தாள், டானிக் கிடைத்தது. மூன்றாம் தடவை வந்தபோது விரலை நீட்டிக் காட்டினாள்.

"மோதிரம் நிக்கவே மாட்டேங்குதுக்கா. நூல் சுத்திப் போட்டிருக்கேன்."

"குடுத்து வெச்சவடி நீ. நான் ஆறு மாசமா நடையா நடக்கறேன், ஒரு சுத்து குறையல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். அதே வார்த்தையை வாசல் மேசையில் முன்பின் தெரியாத யாராவது சொல்லியிருந்தால், தராசக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்திருப்பாள்.

கண்டுபிடித்தது அக்கா இல்லை, டாக்டரும் இல்லை. தினமும் தூக்குகிற குழந்தையைத் தூக்க முடியாமல் தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்த தலைமை ஆசிரியைதான் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அங்கிருந்தே போன் செய்தாள்.

"மூணு மாசமா உருகிட்டே வர்றாங்க, நீங்க கவனிக்கலையா? நீங்க நர்ஸுன்னு சொன்னாங்களே?"

தராசக்கா சீருடையோடு ஓடினாள்.

வயிற்று டாக்டர் சின்ன வயசுக்காரர். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அமுக்கினார். அவர் முகம் மாறியதைத் தங்கை பார்க்கவில்லை, அக்கா பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாக அப்படிப்பட்ட முகங்களைப் பார்த்தவள் அவள்.

தங்கையை எடை மெஷினில் ஏற்றினார். நாற்பத்து மூன்று.

"மூணு மாசம் முன்னாடி எவ்வளவு இருந்தாங்க?"

அக்காவுக்குத் தெரியவில்லை. காய்கறிக்காரியின் எடை கேட்டால் சொல்வாள், தபால்காரரின் எடை கேட்டால் சொல்வாள். தான் தூக்கி வளர்த்தவளின் எடை தெரியவில்லை. அந்த நிமிஷம் செத்துப்போகலாம் போல இருந்தது.

"இதுக்கு முன்னாடி காட்டின இடத்துல சீட்டு எதுவும் போடலையா?" என்றார் டாக்டர்.

"எனக்கெதுக்கு டாக்டர் சீட்டு?" என்றாள் தங்கை, அந்த வலியிலும் ஒரு பெருமையோடு. "எங்கக்கா வேலை பாக்கற இடம். ஒரு நாள்கூட என்னை வெளிய உக்கார விட்டதில்ல."

டாக்டர் பேனாவை நிறுத்தி அக்காவின் சீருடையைப் பார்த்தார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் சிரித்தார்.

"அட, நம்ம ஆளுங்களா நீங்க! வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பாக்கணும் சிஸ்டர். அதுக்கு முன்னாடி ரத்தம், இதயம்னு எல்லாம் டெஸ்ட் எடுக்கணும், வெளிய அம்பது பேர் வரிசையில நிக்கறாங்க. உங்களுக்கு எதுக்கு அது? பின்பக்கமா நேரா ரூமுக்குப் போயிடுங்க, நான் சொல்லிடறேன்."

"வேண்டாம் டாக்டர்" என்றாள் அவள். சத்தமாகத்தான் சொல்லிவிட்டாள். "எல்லாரையும் போலவே வர்றோம். எதையும் விடாம பாருங்க."

வெளியே பெஞ்சில் கடைசி இடம் கிடைத்தது. கையில் ஐம்பத்து மூன்றாம் நம்பர், உள்ளே போயிருந்தது பதினோராம் நம்பர். தங்கை நிமிர்ந்து உட்கார முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏங்க்கா, அந்த டாக்டரே போகச் சொன்னாரே?"

"இல்லடி, வரிசையிலயே போலாம். அதான் உனக்கு நல்லது."

"நல்லா நடமாடிட்டு இருந்தப்ப எல்லாம் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனே" என்றாள் தங்கை. கண்ணில் தண்ணீர் தளும்பியது. "இன்னிக்கு உக்காரக்கூட முடியல. இப்பப் போய் வெளிய உக்கார வைக்கிறியே. நான் உனக்கு அலுத்துப் போயிட்டேனாக்கா?"

அக்கா அவள் கையைப் பிடிக்கப் போனாள். தங்கை கையை இழுத்துக்கொண்டு, பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குத் தள்ளி உட்கார்ந்தாள். நடுவில் விழுந்த அந்த இடத்தில் யாரோ ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்தாள்.