சாவி மாமாவுக்கு ஒரு தனித் தொடர்

‘மூன்றாம் மாடி’ என்ற நகைச்சுவைத் தொடர் ஒன்பது வருடம் ஓடியது. அதில் அவருக்கு வாரம் மூன்று நிமிட வேலை. வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டுவார். அந்த வீட்டு அம்மாள் மாற்றுச் சாவியை எடுத்துக் கொடுத்து அனுப்புவாள். அவ்வளவுதான். அதற்கே சின்னப் பிள்ளைகள் முதல் பல் போனவர்கள் வரை அவரைச் சாவி மாமா என்று கூப்பிட்டார்கள்.

தொடர் முடிந்து பதினோரு வருடம் ஆகிவிட்டது. எதிர்வீட்டு அம்மாளாக நடித்தவரை எல்லோரும் அக்கா என்பார்கள். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பழைய பகுதிகள் மட்டும் தினமும் மதியம் மறு ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தன. சாவி மாமா விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்துக் காலம் தள்ளினார். அறுபத்திரண்டாம் வயதில் தொலைக்காட்சி நிலையம் அவரை அழைத்தது. அவரையே நாயகனாக வைத்துப் புதுத் தொடர், பதின்மூன்று வாரம்.

“எட்டிப் பார்த்துட்டுப் போறவரைத்தான் ஜனங்களுக்குப் பிடிச்சுது. அரை மணி நேரம் உட்கார்ந்துட்டா தாங்குவாங்களா?” என்றாள் மனைவி.

அதற்காக இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஒன்பது வருடமும் மற்றவர்களின் வசனத்தை வரி வரியாக எண்ணி வயிறெரிந்தவர் அவர்.

பழைய தொடரில் அவர் வீடு என்பது வெறும் கதவுதான், பின்னால் பலகை. இப்போது அந்தக் கதவுக்குப் பின்னால் கூடம், சமையலறை, சாய்வு நாற்காலி எல்லாம் எழுப்பியிருந்தார்கள். முதல் நாள் படப்பிடிப்பைப் பார்க்க எண்பது பேரை உட்கார வைத்தார்கள். அவர் உள்ளே வந்ததும் கைதட்டல் அதிர்ந்தது. முதல் வசனத்தைச் சொல்லிவிட்டுச் சிரிப்புக்காக நிறுத்தினார். யாரோ இருமினார்கள்.

எழுதியவன்மேல் பழியைப் போட்டார். வசனத்தை மாற்றச் சொன்னார், குரலை உயர்த்தினார், சோபாவில் தடுக்கி விழுந்தும் பார்த்தார். நான்காம் வாரம் இடைவேளையிலேயே பாதிப்பேர் கிளம்பிவிட்டார்கள்.

ஆனால் ஒளிபரப்பில் மட்டும் சிரிப்பு கொட்டியது. ஒலிப்பதிவு அறைக்குப் போய் விசாரித்தார். அங்கே இருந்தவர் பழைய தொடரிலும் வேலை பார்த்தவர். நிலையம் சொன்னபடி பழைய தொடரின் பதிவு நாடாக்களிலிருந்து சிரிப்பை வெட்டி ஒட்டுவதாகச் சங்கடத்தோடு ஒப்புக்கொண்டார். எந்தக் காட்சி என்று கேட்கவும், ஓட்டிக் காட்டினார்.

திரையில் சாவி மாமா வசனத்தைச் சொன்னார். ஒரு சத்தமும் இல்லை. கேமரா அக்கா பக்கம் திரும்பியது. அக்கா வாயைத் திறக்கவில்லை. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே இரண்டு நொடி அவரையே பார்த்தார். அங்கேதான் சிரிப்பு வெடித்தது.

இன்னொன்று போடச் சொன்னார். அதிலும் அப்படியே. பத்துப் பன்னிரண்டு பார்த்தாயிற்று.

“நான் சொன்னதுக்கு எங்கயுமே சிரிக்கலையா?”

“அக்காவுக்கு அது தெரியும் சார். அவங்க பார்க்கறப்ப நீங்க அடுத்த வசனத்துக்குப் பாய்ஞ்சிடக் கூடாதேன்னு எங்களுக்குப் பதைப்பா இருக்கும்.”

அவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. தனக்கு வர வேண்டிய சிரிப்பை அக்கா விழுங்கிவிடுகிறார் என்று ஒருமுறை இயக்குநரிடம் புகார் சொல்லியிருந்தார். அது அக்கா காதுக்கும் போனது. அடுத்த இரண்டு வாரம் அக்கா அவரைப் பார்க்காமலே சாவியைக் கொடுத்தார். தான் ஜெயித்துவிட்டதாக அன்று அவர் நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். “அக்காகிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கணும்” என்றார். என்ன பேசியிருப்பீர்கள் என்று அவள் கேட்டாள். நான் அப்பவே சொன்னேனே என்று அவள் சொல்லியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவள் எழுந்து துணி மடிக்கப் போனாள்.

ஆறாம் வாரத்தோடு தொடரின் ஒளிபரப்பை நிறுத்தினார்கள். சாவி மாமா என்றாலே சேனலை மாற்றுகிறார்கள் என்று மதியத்து மறு ஒளிபரப்பையும் தூக்கிவிட்டார்கள். அக்கா முகமும் அதோடு திரையிலிருந்து போயிற்று. ஆனால் விளம்பரதாரருக்குக் கொடுத்த வாக்குப்படி பதின்மூன்று பகுதியையும் எடுத்து முடிக்க வேண்டியிருந்தது, யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும்.

ஏழாம் பகுதிக்குப் போனபோது பார்வையாளர் நாற்காலிகளை மடித்துச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள்.

“சார், சிரிப்புக்காக நிறுத்தாதீங்க. நாங்க போட்டுக்கறோம்” என்றாள் இயக்குநர்ப் பெண்.

அவர் தலையாட்டினார். எங்கும் நிறுத்தாமல் வசனத்தை ஒப்பித்தார். காட்சி நான்கு நிமிடம் குறைந்துபோனது. கொஞ்சம் மெதுவாகப் பேசி மறுபடி எடுக்கலாம் என்றார்கள். சரி என்று போய், மறுபடி உள்ளே வர அந்தப் பழைய கதவுக்கு வெளியே நின்றார்.