அட்டைக்குள் போன ராணி

மந்திரி கொன்றிருக்க மாட்டார். மந்திரியைச் சந்தேகிக்கிறவர்கள் இந்தக் கதையை ஒழுங்காகப் படிக்காதவர்கள். ராணி செத்துக் கிடந்த அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளிச்சம் இல்லாமல் அந்த அரண்மனையில் நடக்கத் தெரியாத யாரோதான் கொன்றிருக்க வேண்டும்.

இப்படி யோசித்தபடிதான் அலர்மேல்மங்கை அடுக்களையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அவள் கணவர் முனிரத்தினமும் அவருடைய கூட்டாளி செங்கல்வராயனும் தமிழைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லை பிரித்ததில் திருத்தணி மதராஸுக்குப் போய்விட்டது. அவர்கள் ஊரான சித்தூர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. அந்த ஆத்திரத்தில் பக்கத்து ஊரான குடிபாலாவில் கண்டனக் கூட்டம் நடத்தப்போகிறார்கள்.

"நம்ம பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எங்க நைனா ஒறைக்கிது?" என்றார் முனிரத்தினம்.

"ஏன், உங்க வூட்ல படிச்சிக்கினுதான கீறாங்க?"

"இன்னாத்த படிக்கிறா? ராஜா, ராணி, கொலை. துன்ன சோறு செரிக்கிறதுக்கு ஒரு குப்பை."

"அவுனு, அவுனு" என்று தெலுங்கில் ஆமாம் போட்டுச் செங்கல்வராயன் சிரித்தார்.

காபியை வைத்துவிட்டு அவள் அடுக்களைக்குத் திரும்பினாள். அந்தக் குப்பையின் மடிப்புகளில் மூக்குப்பொடி சிந்திக் கிடப்பதை ஒரு வருடமாகவே பார்த்துவருகிறாள். அந்த வீட்டில் பொடி போடுகிறவர் ஒருவர்தான்.

மதராஸ் பத்திரிகை வந்ததும் படித்துவிட்டு, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து டிரங்குப் பெட்டியில் அடுக்குவாள். கதை முடிந்ததும் பைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டும். கதை படிக்கிற வீடுகளில் இதுதான் வழக்கம். வீடும் நிலமும் மாடும் கணவருடையவை, பாத்திரங்கள் மாமியாருடையவை. பெட்டிக்குள் வளர்ந்துகொண்டிருந்த அந்தக் கதை மட்டும் இவளுடையது.

தீபாவளி மலர்களில் வரும் காதல் கதைகளை அவள் சேர்ப்பதில்லை. அந்தக் கதைகளில் ஆண்களுக்குத் தீபாவளி விடியலில்தான் புத்தி வரும். மூன்று வருடம் எட்டிப்பார்க்காதவன் ஒரு மத்தாப்பு வெளிச்சத்தில் கண்கலங்குவான். அவன் மனைவியும் தலையில் வைத்த எண்ணெய் காய்வதற்குள் மன்னித்துவிடுவாள். மங்கை ஒரு வரி விடாமல் படிப்பாள், சிரிப்பதற்காக. கடைசிப் பக்கத்தில் கண் கரிக்கும். அந்த நிமிடத்தில் எழுதியவனைவிடத் தன்மீதுதான் அவளுக்கு அதிக இளக்காரம் வரும். கொலைக் கதை மேல். அதில் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று முதலிலேயே தெரிந்துவிடுகிறது. குடும்பத்தில்தான் அது தெரிய வருடக்கணக்காகிறது.

தங்கை தாட்சாயணியின் குழந்தைக்கு முடியிறக்க அவள் திருப்பதி போனாள். கதையின் கடைசிப் பகுதி அந்த வாரம்தான் வந்தது. ஸ்டேஷன் கடையில் வாங்கி, நின்றபடியே படித்து முடித்தாள். அவள் நினைத்த ஆள்தான். "படிச்சிட்டுத் தர்றேன்க்கா" என்று பத்திரிகையைத் தாட்சாயணி வாங்கிவைத்துக்கொண்டாள்.

சித்தூருக்குத் திரும்பியபோது பெட்டி காலியாகக் கிடந்தது. சுவரோரம், கூட்டத்துக்குப் போய்வந்த கோஷ அட்டைகள் சாய்ந்திருந்தன.

"வெறும் காகிதம் காத்துல மடங்குது மே" என்றார் முனிரத்தினம், அவள் முகத்தைப் பார்க்காமல். "பழைய காகிதத்த வெச்சி மைதா பசை போட்டு ஒட்டினாதான் வெறப்பா நிக்கும்னு செங்கல்வராயன் சொன்னான். அவசரம், இன்னா பண்றது?"

மேலே சிவப்பு மையில் 'தமிழர் நிலம் தமிழருக்கே' என்று இருந்தது. ஒரு அட்டையை அண்டாத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கப் பார்த்தாள். கூழாக வந்தது. படத்திலிருந்த ராணியின் மூக்கு அவள் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அழுகை வரவில்லை. அத்தனை தமிழையும் பசை தடவி உள்ளே மூடிவிட்டு, வெளியே மூன்று வார்த்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு முனிரத்தினம் காரணமில்லாமல் அடுக்களைப் பக்கம் வர ஆரம்பித்தார். கூட்ட வேலையில் கடைசிச் சில வாரங்களை அவர் படிக்கவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. கடையிலோ பக்கத்து வீட்டிலோ போய்க் கேட்கவும் முடியாது. அந்தக் கதையை அவர் திட்டாத இடமே ஊரில் இல்லை.

ஒரு நாள் மத்தியானம், மோர் சோறு பிசைந்துகொண்டே கேட்டார்.

"முடிஞ்சிடுச்சா அது?"

"எது?"

"நீ படிச்சிக்கினு இருந்தியே, அதான்."

"முடிஞ்சிடுச்சி."

"யாரு மே கொன்னது?"

அவள் அவரைப் பார்த்தாள். ஒரே கதையை இரண்டு பேரும் இத்தனை காலம் ஒரே கூரையின் கீழ் படித்திருக்கிறார்கள். என்றாவது ஒரு நாள், 'இந்த வாரம் நல்லா இருந்திச்சி' என்று அவர் சொல்லியிருந்தால் பெட்டியையே அவர் முன்னால் திறந்து வைத்திருப்பாள். அப்படி ஒரு பேச்சுக்காகத் தான் காத்திருந்தது இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அதுவும் ஒரு தீபாவளி மலர் ஆசைதான் என்று நினைத்துக்கொண்டாள்.

"இன்னா முழிக்கிற? சும்மா சொல்லேன்."

"தெரியும்" என்றாள் மெதுவாக. "சொல்ல மாட்டேன்."

பிறகு இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினாள்.