நடு புஷ்

வீட்டோடு மாப்பிள்ளை என்றால் நாளாக நாளாக மரியாதை குறையும் என்பார்கள். இவனுக்குக் குறையவே இல்லை, அதுதான் வினை. மாமனார் இவன் செருப்பு அறுந்தால்கூடத் தானே தைத்துக் கொடுப்பார். பாசத்தோடு மல்லுக்கட்டி ஜெயித்தவன் யார்?

அன்று மத்தியானத்துக்குள் இவன் வெளியூர்க் கிடங்கு ஒன்றில் போய் நின்றாக வேண்டும். மேற்பார்வை வேலை, மனைவியோடு குடியேற வீடும் உண்டு. வராவிட்டால் அடுத்த ஆளுக்கு என்று சொல்லிவிட்டார்கள். பஸ் ஊரெல்லாம் சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் சாயங்காலமாகிவிடும். இருப்பது பைக் ஒன்றுதான். அதன் பின்சக்கரத்தில் பேரிங் கரகரத்தது, டயரும் வழுக்கை.

கடையில் கொடுக்கிறேன் என்று வாயெடுத்தான். லேத் பட்டறையில் தலை நரைத்த மாமனார் விடுவாரா? கடைக்காரன் கண்டதையும் அடித்து வைப்பான் என்று சொல்லி, காலையிலேயே வண்டியை நடையில் ஏற்றி நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றிவிட்டார். நடை குறுகல். வாசலுக்குப் போவதென்றால் வண்டியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வேலையில் குற்றம் சொல்ல முடியாது. டயர் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, லீவரை மாற்றி மாற்றிப் போட்டு, ட்யூபைக் கடிக்காமல் ஏற்றினார். இவன் மனைவி கழற்றிய பாகங்களை அடுப்படியில் மண்ணெண்ணெயில் கழுவித் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். அவள் காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. கிளம்பும் பரபரப்பு என்று இவன் நினைத்துக்கொண்டான்.

கம்பெனி வீடுகள் எப்படியெல்லாம் ஒழுகும் என்று விளக்கிக்கொண்டே மாமனார் புது பேரிங் இரண்டையும் தட்டி இறக்கினார். சக்கரத்தை மாட்டி நட்டை இறுக்கினால் சுற்றவில்லை. தளர்த்தினால் சுற்றியது. மறுபடி இறுக்கினால் பிடித்துக்கொண்டது. அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். இரண்டு பேரிங்கும் ஒன்றையொன்று நெருக்காமல் நடுவில் நிற்கிற விரல் நீள இரும்புக் குழாய், அந்த நடு புஷ்ஷைப் பேச்சு சுவாரசியத்தில் மறந்துவிட்டார். தட்டில் தேடினால் அது இல்லை. பழைய மாடல் வண்டி, கடையில் தனியாகக் கிடைக்காது.

இவனுக்குச் சுருக்கென்றது. கிழவர் வேண்டுமென்றேதான் ஒளித்திருக்கிறார் என்று மனசுக்குள் வண்டி வண்டியாகத் திட்டினான். ஆனால் அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் குப்புறப் படுத்தார். "தப்பு என்மேலதான் மாப்ளே, உங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டேன்" என்றார். திட்டியதற்கு இவனுக்கு வெட்கமாக இருந்தது.

மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் தங்கியிருக்குமோ என்று அடுப்படிக்குப் போனான். மனைவி சுவரோரம் நின்றிருந்தாள். வலது கை மூடியிருந்தது. விரல் இடுக்கில் இரும்பு தெரிந்தது.

"அப்பாவ விட்டுட்டு என்னால வர முடியாதுங்க" என்றாள், மெல்ல.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க போகாம இருந்திருப்பீங்க. ஆனா உன்னாலதான் போகலன்னு காலம் பூரா மனசுல வெச்சிருப்பீங்க."

மாமனார் ஒளித்திருந்தால் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். இந்த வீட்டிலிருந்து தப்பிக்க இவன் நம்பியிருந்த துணையே இவள்தான். கையை நீட்டினான். அவள் மறுக்காமல் கொடுத்தாள்.

இன்னும் நேரம் இருந்தது. இப்போது கொடுத்தாலும் மாமனார் மாட்டி முடித்து அனுப்பிவிடுவார். அவளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவாள். அழமாட்டாள். அந்த ஊர் வீட்டில் அவள் அழாமல் உட்கார்ந்திருப்பதை இவன் தினமும் பார்க்க வேண்டியிருக்கும். அதை நினைக்கவே பயமாக இருந்தது.

நடைக்குத் திரும்பினான். மாமனார் அலமாரிக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

"கவலப்படாதீங்க மாப்ளே, வீட்டுக்குள்ளதான் கிடக்கும். எங்க போயிடப் போகுது?"

"ஆமா மாமா" என்றான். புஷ்ஷைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, அவர் பக்கத்தில் படுத்துத் தேட ஆரம்பித்தான்.