உள்பக்கத் தாழ்ப்பாள்

கதவின் கனம் முழுவதும் அவளுடைய வலது தோளில் இறங்கியிருக்கிறது, இன்னும் துளி மேல தூக்கு கண்ணு, அவ்வளவுதான், அப்படியே புடிச்சுக்க என்று அப்பா மண்டியிட்டபடி கீலுக்கு ஸ்க்ரூ ஏற்றிக்கொண்டிருக்கிறார், கோகிலவாணி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள், கன்னம் மரத்தில் அழுந்துகிறது, பழைய தேக்கு, உக்கடத்தில் இடித்த வீட்டுச் சாமான் விற்கிற கடையில் நிலையோடு சேர்த்து வாங்கி வந்தது, எந்த வீட்டில் யார் யார் திறந்து மூடிய கதவோ, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பூச்சின் மேல் பூச்சாக இருந்த பெயிண்ட் எல்லாம் உதிர்ந்து இப்போது அறுத்த அன்றைக்கு இருந்த நிறத்துக்கே திரும்பிவிட்டது, அவளுக்குப் பின்னால் அந்த அறை இருக்கிறது, அறை என்று சொன்னால் அம்மா சிரிப்பாள், ஒரு கட்டிலும் ஒரு மேசையும் போட்டால் அப்புறம் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும், ஆனால் சுவரில் இருக்கிற ஒவ்வொரு ஹாலோ பிளாக் கல்லும் அவள் கையால் எடுத்துக் கொடுத்தது, அவள் கலக்கிய கலவை, ஆவாரம்பாளையத்தில் அப்பாவின் வீட்டுப் புழக்கடையில், துணி துவைக்கிற கல்லுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே, முப்பத்து நாலு வயதில் தனக்கென்று ஓர் அறை எழும்பி நிற்கிறது என்பதை அவளால் நம்ப முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை, தோள் இப்படி வலிக்கிறதே, கனவில் தோள் வலிக்குமா.

தோள் வலித்தால் மனசு எங்கெங்கோ போகிறது, கோபியில் அந்தப் பெரிய வீட்டுக்குப் போகிறது, மாமனார், மாமியார், கொழுந்தன் குடும்பம், அவர்கள் பிள்ளைகள், வந்து போகிற ஒன்றுவிட்ட உறவுகள், கதவுகளுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லாத வீடு, எந்தக் கதவும் சாத்துவதற்கு இல்லை என்பதுதான் விஷயம், அவளும் சிவப்பிரகாசமும் படுத்த அறையின் தாழ்ப்பாள் அவள் மருமகளாகப் போவதற்கு முன்னாலேயே கழன்று விழுந்திருந்தது, நாளைக்கு மாட்டிடலாம் என்றான் சிவப்பிரகாசம், அந்த நாளை வருஷக்கணக்கில் வந்துகொண்டே இருந்தது, நம்ம ஊட்டுக்குள்ள யாருக்கு யாரு ஒளிக்கறது என்பாள் மாமியார், கெட்டவள் இல்லை, சத்தியமாகக் கெட்டவள் இல்லை, அவளுடைய பீரோ அந்த அறையில் இருந்தது, அவ்வளவுதான், போர்வை எடுக்க வருவாள், மாத்திரை எடுக்க வருவாள், சேலை மாற்றிக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் பந்தைத் தேடிக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுவார்கள், அந்த வீட்டில் உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்த ஒரே கதவு குளியலறைக் கதவு, அதற்குள் போய்ப் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பாள், அழுவதற்கு என்று இல்லை, சும்மா இருப்பதற்கு, அதற்கும் வெளியிலிருந்து மாமியாரின் குரல் வந்துவிடும், கோகிலா, தண்ணி ஊத்தற சத்தத்தையே காணோம், உள்ள என்ன பண்றே, உடனே ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றுவாள், குளிக்கிறேனுங்கத்தை என்பாள், கட்டின சேலை நனையாமல் கொஞ்சம் தள்ளி இன்னொரு சொம்பு ஊற்றுவாள், இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்ல, சொன்னாலும் இது ஒரு காரணம் என்று யார் ஒத்துக்கொள்வார்கள், அடிச்சானா, இல்லை, குடிக்கிறானா, இல்லை, அப்புறம் உனக்கு என்னதான் நோவு.

அதையேதான் அம்மாவும் கேட்டாள், ஒரே ஒரு பையோடு வந்து இறங்கிய அன்றைக்கு, கோகிலவாணி தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், தாப்பா இல்லீன்னு ஒருத்தி புருசன உட்டுப்போட்டு வருவாளா, வெளிய சொன்னா வாயால சிரிக்க மாட்டாங்க என்று தலையில் கை வைத்துக்கொண்டாள், அப்பா நாற்காலியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார், கேட்டாரோ இல்லையோ என்றுகூட அவளுக்குச் சந்தேகமாக இருந்தது, மறுநாள் காலையில் வாசலில் ஒரு டெம்போ நின்று கல் இறக்கியது, ஏனுங்க, எதுக்கு இத்தன கல்லு என்று அம்மா ஓடி வந்து கேட்க, பொடக்காளில, முருங்கைக்குப் பக்கத்துல ஒரு ரூம்பு போடறேன் என்றார் அப்பா, கொத்தனார் யாருங்க, நாந்தான், சித்தாளு, அப்பா மகளைத் திரும்பிப் பார்த்தார், அவள் அந்த நிமிஷமே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள், கேட்டிருக்கிறார், அப்பா கேட்டுத்தான் இருந்திருக்கிறார் என்று நினைத்தாள்.

அப்பா நாச்சிமுத்து ஆயுசு முழுவதும் லேத் பட்டறையில் இரும்பு கடைந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது, புழக்கடை பூராவும் அவருடைய கைங்கரியம்தான், யானையை அடைக்கிற கனத்தில் ஒரு கோழிக்கூண்டு, அதில் வசிப்பது வற்றலாக நாலு கோழி, மோட்டாருக்கு ஓர் இரும்புப் பெட்டி, காஸ் சிலிண்டருக்கு ஒரு கூண்டு, விறகுக்கு ஒரு கொட்டகை, ஒவ்வொன்றுக்கும் வெளியே கொண்டியும் பூட்டும், உட்டா உங்கப்பாரு துளசிச் செடிக்கும் பூட்டுப் போட்டுருவாரு என்பாள் அம்மா, அப்படிப்பட்டவர் இந்த அறைக்குக் கடைக்கால் தோண்டினார், மட்டம் பார்க்கிற அன்றைக்குத் தண்ணீர் நிரப்பிய நீளமான டியூபின் ஒரு நுனியை அவளிடம் கொடுத்து ஒரு மூலையில் நிறுத்திவிட்டு, மறு நுனியோடு எதிர் மூலைக்குப் போனார், நின்னுருச்சா கண்ணு, இல்லீங்கப்பா, ஆடுது, பொறு, நிக்கட்டும், இப்ப, இன்னுங் கொஞ்சம், டியூபுக்குள் தண்ணீர் ஏறி இறங்கி ஏறி மெல்ல மெல்ல ஓரிடத்தில் அடங்குகிறது, இப்ப நின்னுருச்சுங்கப்பா என்று அவள் சொன்ன பிறகுதான் அவர் பென்சிலை எடுத்துக் கோடு போட்டார், தன் வாயிலிருந்து ஒரு சரி வருவதற்காக இன்னொருவர் காத்து நிற்கிறார் என்பதே அவளுக்குப் பெரிய விருந்தாக இருந்தது, அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தபோது கோபி வீட்டுக் கதவுகள் எல்லாம் நிலையை விட்டுக் கழன்று, ஒன்றன்பின் ஒன்றாகப் பஸ் ஏறி ஆவாரம்பாளையத்துக்கு வந்து, முருங்கை மரத்தடியில் வரிசையாக நின்று, எங்களையும் சேத்துக்கங்க என்று கேட்டன, அவள் தூக்கத்திலேயே சிரித்ததாக அம்மா சொன்னாள், சுவர் வளர்ந்தது, ஜன்னல் உட்கார்ந்தது, தகரக் கூரை ஏறியது, உள்ளங்கையில் சிமெண்ட் தின்ற இடமெல்லாம் தோல் உரிந்து புதுத்தோல் வந்தது, புதுத்தோல் கூச்சமாகவும் சுகமாகவும் இருந்தது.

ஆச்சு, கடைசி ஸ்க்ரூ என்கிறார் அப்பா, அவளுடைய கண் கதவுக்கு வெகு அருகில் இருக்கிறது, மரத்தின் ரேகைகள் ஆறு மாதிரி ஓடுகின்றன, அந்த ரேகைகளுக்கு நடுவே வரிசையாகச் சில வட்டங்கள், மரத்தின் நிறத்திலேயே, ஆனால் ரேகை இல்லாத வட்டங்கள், என்ன இது என்று விரலால் தடவுகிறாள், மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, காய்ந்ததும் வழவழவென்று தேய்த்திருக்கிறது, இந்தக் கதவில் முன்பு இருந்த தாழ்ப்பாளின் ஸ்க்ரூ ஓட்டைகள், பித்தளையாக இருந்திருக்கும், கடைக்காரன் கழற்றித் தனியாக விற்றிருப்பான், ஓட்டைகளை மட்டும் அப்பா இவ்வளவு அக்கறையாக அடைத்திருக்கிறார், சரி, வேறு இடத்தில் புதிதாக மாட்டுவார், எங்கே, மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், உள்பக்கம் முழுவதும் வெறும் மரம், அப்பா எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, உடு இப்ப என்று கதவை அவள் தோளிலிருந்து வாங்கி ஒரு விரலால் தள்ளிக் காட்டினார், சத்தமே இல்லாமல் போய் நிலையோடு பொருந்தியது, லேத்காரன் ஃபிட்டு என்று சொல்லிச் சிரித்துவிட்டு வெளிப்பக்கத்தைக் காட்டினார், அங்கே உள்ளங்கை நீளத்துக்கு ஒரு புத்தம் புதிய இரும்புத் தாழ்ப்பாள், அதில் ஒரு பெரிய பூட்டு, யாரும் அசைக்க முடியாது பாத்துக்க, அவளுக்கு நேற்று அம்மா அரிசி புடைத்துக்கொண்டே சொன்னது காதில் விழுகிறது, கட்டட்டும் கட்டட்டும், நீ திரும்பிப் போனதுக்கப்புறம் பழைய பீரோவையும் தேங்காயையும் போட்டுக்க எடமாச்சு, அப்போது அவள் அதைப் பேச்சோடு பேச்சாக விட்டுவிட்டாள், இப்போது அது நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்பா, இந்த ரூம்பு எனக்குங்களா, சாமானுக்குங்களா என்று கேட்டாள், என்ன கண்ணு இப்பிடிக் கேக்கறே, உனக்குத்தான் என்றார் அவர், அப்புறம் எதுக்குங்கப்பா உள்ள இருந்த தாப்பா ஓட்டைய அடைச்சீங்க, பாக்க அசிங்கமா இருந்துது, அடைச்சேன் என்றார், நாங் குளிக்கற ரூம்புல போயி ஒக்காந்துட்டு இருந்தேன்னு அம்மாகிட்டச் சொன்னப்ப நீங்களும் அங்கதான இருந்தீங்க, இருந்தேன், வெளிய பூட்டறதுக்கு நான் என்ன கோழியாங்கப்பா, சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது, உள்ளே போய்ப் படாரென்று கதவைச் சாத்தினாள், பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லாததால் அது நிலையில் மோதி மறுபடியும் மெதுவாகத் திறந்துகொண்டது, திறந்த கதவு வழியே அப்பா துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது, கைகள் இரண்டையும் மடியில் போட்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார், அவளைப் பார்க்காமலே சொன்னார், நாங் கட்டுனதெல்லாம் வெளிய நின்னு பூட்டறதுதான் கண்ணு, உள்ள ஒரு ஆளு இருக்கும்னு எங் கைக்குத் தோணவே இல்லியே, அவர் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது, தெரிந்தும் ஆறவில்லை, கட்டில் போட வேண்டிய இடத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்து, பெங்களூரில் ஏதாவது ஹாஸ்டலைப் பார்த்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தாள், அங்கேயும் ஓர் அறைக்கு நாலு பேர் இருப்பார்கள், வேறு எங்கே போவது என்று தெரியாமல் அப்படியே இருந்தாள், வெளியே மொபெட் கிளம்புகிற சத்தம் கேட்டது.

வெயில் சாய்கிற நேரத்துக்குத்தான் அப்பா வந்தார், சட்டையில் புதிதாக மசகுக் கறை, பழைய பட்டறைக்குப் போயிருக்கிறார், காகிதத்தில் சுற்றி எடுத்து வந்ததை அவள் முன்னால் தரையில் பிரித்து வைத்தார், பித்தளையில் கடைந்த ஒரு தாழ்ப்பாள், கடையில் விற்கிற எதைப் போலவும் இல்லை, பிடிக்கிற குமிழ் மட்டும் விரலுக்கு வாகாக நடுவில் ஒடுங்கி நுனியில் உருண்டிருந்தது, கடையில இருக்கறதெல்லாம் தகரம், அதான் நானே போட்டுட்டு வந்தேன் என்றார், எங்க வெக்கறது என்று கேட்டார், நீங்களே பாத்து வைங்கப்பா என்றாள், எனக்கென்ன தெரியும், உள்ள இருக்கறது நீ, உங் கை எங்க போவுதோ அங்க காட்டு, அவள் எழுந்து கதவைச் சாத்தி நின்றாள், கண்ணை மூடினாள், இருட்டில் கை தேடுகிற மாதிரி கையை நீட்டினாள், விரல் பட்ட இடத்தில் அப்பா பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார், டிரில்லிங் மிஷினை அவளிடமே நீட்டினார், நீயே போடு, அவள் அழுத்தினாள், தேக்குத் தூள் சுருள் சுருளாக உதிர்ந்து பாதத்தின் மேல் விழுந்தது, மரத்தின் வாசனை அறை முழுவதும் பரவியது, அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது, அதை மறைப்பதற்கு அவள் முயலவும் இல்லை, இன்னும் அழுத்து, அவசரப்படாத என்றார் அப்பா, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அவளே முடுக்கினாள், முடிந்ததும் அவர் எழுந்து வெளியே போனார், போட்டுப் பாரு என்று சொல்லிவிட்டு அவரே கதவை இழுத்துச் சாத்தினார்.

அவள் குமிழைப் பிடித்துத் தள்ளினாள், தாழ்ப்பாள் ஓடிப் போய் நிலைக்குள் புகுந்தது, அவ்வளவுதான், இதற்குத்தானா இத்தனை வருஷம் என்று இருந்தது, கோழிகள் கெக்கரிப்பது கேட்டது, பக்கத்துத் தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்புகிறார்கள், எல்லாம் கேட்கிறது, எதுவும் உள்ளே வரவில்லை, தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள், ஒன்றுமே செய்யவில்லை, மூச்சு மட்டும் தன்பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது, கோகிலா, டீ ஆறுது பாரு என்று அம்மாவின் குரல் சமையலறையிலிருந்து கிளம்பி வந்தது, கூடவே செருப்புச் சத்தமும் வந்தது, கதவைத் தள்ளுகிற சத்தமும் வந்தது, கதவு அசையவில்லை, மறுபடியும் தள்ளினாள், என்னுங்க இது, தொறக்க மாட்டீங்குது, சிக்கிக்கிச்சா என்றாள் அம்மா, சிக்கல, உள்ள தாப்பா போட்டிருக்கா, தட்டு என்றார் அப்பா, நம்மூட்டுக் கதவ நாமளே தட்டறதா, நல்லா இருக்குது, தட்டு, அது அவ ஊடு.

அம்மா அப்பாவை ஒரு முறை முறைத்திருப்பாள், கதவை ஒரு முறை பார்த்திருப்பாள், திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் கோகிலவாணி நினைத்தாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள், அப்புறம் சத்தம் வந்தது, விரல் முட்டியால், வளையல் குலுங்க, மெல்ல இரண்டு தட்டு, பழக்கமில்லாத கை தட்டுகிற தட்டு, கோகிலவாணிக்குக் கண் நிறைந்துவிட்டது, சிரிப்பும் வந்தது, எழுந்து கதவருகில் போய் நின்று, யாருங்க என்று கேட்டாள், ஆமாமா, யாருன்னு தெரியாதாக்கும் இவளுக்கு என்று அம்மா பொரிந்தாள், பொரிந்துவிட்டு நிறுத்தினாள், பிறகு வேறு ஒரு குரலில், இத்தனை வருஷத்தில் அவள் கேட்டேயிராத ஒரு குரலில், நான்தான் கண்ணு, அம்மா, டீ கொண்டாந்திருக்கறேன், உள்ள வரலாமா என்றாள், கோகிலவாணி குமிழில் கை வைத்தாள், உடனே இழுக்கவில்லை, முகத்தைத் துடைத்துக்கொண்டு, இருங்கம்மா, தொறக்கறேன் என்றாள், அம்மா இருந்தாள்.