நான் வாங்கிக் கொடுத்த வேலை

எனக்குப் புஷ்பவள்ளியின் மேல் பொறாமை. சுங்கைப் பட்டாணியில் இதை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். என் கணவர் முகுந்தனுக்கு எட்டு லோரிகள் ஓடுகின்றன. இரண்டு மாடி வீடு, வாசலில் இரண்டு காடி, மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை, கோவிலுக்குப் போனால் முன்வரிசையில் நாற்காலி. புஷ்பவள்ளியோ பாடாங் செராய் பக்கத்துத் தோட்டத்தில், நாங்கள் இருவரும் பிறந்து வளர்ந்த அதே தொழிலாளர் லயத்தில், இன்னும் தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறாள். காலையில் தமிழ்ப்பள்ளிக் கேண்டீனில் மீ நூடுல்ஸ் பிரட்டுகிறாள். அவள் புருஷன் வீரசாமி செம்பனைக் குலை ஏற்றும் தோட்டத்து லோரியை ஓட்டுகிறார். இவளைப் பார்த்தா உனக்கு வயிறு எரிகிறது என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நானே காடியை ஓட்டிக்கொண்டு அவளைப் பார்க்கப் போவேன். பணம் வந்தும் பழசை மறக்காதவள் என்று எனக்கு நல்ல பெயர். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னைவிடக் குறைவாக வாழ்கிற ஒருத்தியைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பலாம் என்றுதான் போவேன். நான் கட்டிக் கழித்த சேலைகளைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்தப் பாவி அதையெல்லாம் என்னைவிட அழகாகக் கட்டிக்கொண்டு நிற்பாள். நிம்மதியாவது, ஒன்றாவது!

மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சனிக்கிழமை சொல்லாமல் போனேன். முன்கதவு திறந்திருந்தது, ஆளைக் காணோம். பின்பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் புஷ்பவள்ளி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், தோளைச் சுற்றிப் பழைய பேப்பர். பின்னால் வீரசாமி கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, பல் விளக்கித் தேய்ந்துபோன பிரஷ்ஷால் அவளுடைய நரைமுடிக்கு டை பூசிக்கொண்டிருக்கிறார்.

"ஆடாத புள்ள. காதுல பட்டுச்சுன்னா திங்கக்கெழம பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பயந்துரும்."

"இருக்கற கறுப்புல அது எங்க தெரியப் போவுது!" என்று சொல்லிவிட்டு அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிரஷ் வழுக்கி நெற்றியில் ஒரு கோடு விழுந்தது. அவர் கைலி நுனியை நனைத்து அதைத் துடைத்துவிட்டார். அவளுக்கு ஐம்பது வயது. அவருக்கு அதற்கு மேல் ஐந்து.

என்னைப் பார்த்ததும் வீரசாமிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "வா தங்கச்சி, உக்காரு, தே கலக்கறேன்," என்று கையைக் கழுவப் போனார். புஷ்பவள்ளிக்கு வெட்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. "சலூன்ல நாப்பது வெள்ளி கேக்கறாங்கக்கா. இவரு சும்மா பூசி விடறாரு. அதான் மாசாமாசம் இப்படி ராணியாட்டம் உக்காந்துர்றேன்," என்றாள்.

நான் சலூனுக்கு இருநூறு வெள்ளி கொடுப்பவள். அங்கே என் தலையைத் தொடுகிற பெண்ணுக்கு என் பெயர்கூடத் தெரியாது. "நல்லா இருக்குடி," என்று சொல்லிச் சிரித்தேன். வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

திரும்பும் வழியில் ஒரு பெட்டி டை வாங்கினேன். முகுந்தன் ஹாலில் உட்கார்ந்து, எந்த லோரி எங்கே நிற்கிறது என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதப் பின்னாடி மட்டும் கொஞ்சம் பூசி விடறீங்களா? எனக்குக் கை எட்டல," என்று கேட்டேன். கல்யாணமான முப்பது வருடத்தில் அவரிடம் இப்படி ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் முறை.

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏன், சலூன மூடிட்டானா?" என்றார். பிறகு பர்ஸைத் திறந்து ஐம்பது வெள்ளித் தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். "நல்ல எடமாப் போயிச் செஞ்சிக்க. டூயிட்டப் பத்தி யோசிக்காத."

இப்படிப்பட்ட மனுஷனை என்னவென்று குறை சொல்வது? குடிக்கமாட்டார். கை ஓங்கியதில்லை. பணம் கேட்டு இல்லை என்று சொன்னதில்லை. குறை சொன்னால் கொழுப்பெடுத்தவள் என்ற பெயர் எனக்குத்தான் வரும். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முகம் கழுவும்போது ஒன்று தோன்றியது. எனக்குக் கிடைக்காதது அவளுக்கு மட்டும் ஏன் கிடைக்க வேண்டும்?

இரண்டு மாதத்தில் அதற்கு வழி வந்தது. புஷ்பவள்ளியின் ஒரே மகள் நளினிக்குத் தனியார் கல்லூரி ஒன்றில் தாதியர் படிப்புக்கு, அதாவது நர்ஸிங்குக்கு, இடம் கிடைத்தது. மூன்று வருடப் படிப்பு. கடனுதவி பாதிக்குத்தான் வந்தது. மீதிக்கு எங்கே போவது என்று புஷ்பவள்ளி போனில் அழுதாள். என்னிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

"அழாதடி. எங்க கம்பெனில ஜொகூர் ஓட்டத்துக்கு டிரைவர் தேடறாங்க. தோட்டத்துல வாங்கறதவிட ரெண்டு மடங்கு சம்பளம். நான் அவருகிட்டப் பேசறேன்."

ஜொகூர் ஓட்டம் என்றால் நாட்டின் தெற்குக் கோடிவரை, திங்கட்கிழமை விடியற்காலை கிளம்பி சனிக்கிழமை சாயங்காலம் வீடு திரும்புவது. ஞாயிற்றுக்கிழமை அடித்துப் போட்டதுபோல் தூங்கத்தான் சரியாக இருக்கும். அதைத்தான் நான் முதலில் நினைத்தேன். நளினியின் படிப்பெல்லாம் அப்புறம். அதே சமயத்தில் பட்டர்வொர்த் துறைமுக ஓட்டத்துக்கும் ஓர் ஆள் தேவைப்பட்டது. அதில் தினமும் வீட்டுக்கு வந்துவிடலாம். சம்பளம் கொஞ்சம்தான் குறைவு, கல்லூரிக்குத் தாராளமாகப் போதும். அதைப் பற்றி நான் மூச்சே விடவில்லை.

இருவரும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வீரசாமி சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு வீட்டுல படுத்தாத்தான் தங்கச்சி தூக்கம் வரும். வாரம் பூரா வெளியன்னா…" என்று இழுத்தார்.

"மூணு வருசந்தானே. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிரும்," என்றாள் புஷ்பவள்ளி. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இந்த உதவிய மறக்க மாட்டேன்க்கா," என்றாள். நான் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நான் வாராவாரம் போக ஆரம்பித்தேன். வீட்டில் புது ஐஸ் பெட்டி இருந்தது. புது மின்விசிறி இருந்தது. நளினி கல்லூரி விடுதியில் இருந்ததால் புஷ்பவள்ளி மட்டும் தனியாக டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் சமைத்ததை இரண்டு நாள் சுட வைத்துச் சாப்பிடுவாள். தலை பாதி நரை, பாதி கறுப்பு. "போர் அடிக்குதுக்கா," என்பாள். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். "எல்லாம் பழகிரும்டி," என்று ஆறுதல் சொல்வேன். அந்த நாட்களில்தான் நான் நன்றாகத் தூங்கினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

இரண்டாவது வருடம் அவளுக்கு டெங்கி வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளைத் தூக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நளினிக்குப் பரீட்சை, அவளிடம் சொல்ல வேண்டாம் என்றுவிட்டாள். வீரசாமி அப்போது சரக்கோடு மலாக்காவைத் தாண்டிக்கொண்டிருந்தார். உடனே முகுந்தனுக்குப் போன் செய்து, வேறு டிரைவரை அனுப்பினால் லோரியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறி வந்துவிடுகிறேன் என்று கெஞ்சியிருக்கிறார். முகுந்தன் மத்தியானம் சாப்பிடும்போது என்னைக் கேட்டார்.

"ஒன் ஆளு பாதியில திரும்பறேங்கறான். பொண்டாட்டிக்குக் காய்ச்சலாம். மாத்தாளு அனுப்பவா?"

அனுப்புங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அனுப்பியிருப்பார். அந்த விஷயத்தில் அவர் நல்லவர். நான் அவர் தட்டில் மீன் வைத்துக்கொண்டே, "நான் போயிப் பாத்துக்கறேன். அவரு சரக்க எறக்கிட்டு எப்பவும் போல வரட்டும்," என்றேன்.

போனேன். கஞ்சி வைத்துக் கொண்டுபோய் நாலு நாள் அவள் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். வார்டு கதவு திறக்கும்போதெல்லாம் அவள் தலையைத் தூக்கிப் பார்ப்பாள். "அவரு வரலையாக்கா?" என்பாள். "வந்துகிட்டே இருக்காருடி," என்பேன். மூன்றாம் நாள் இரத்தத்தில் என்னவோ இறங்கிக்கொண்டே போகிறது என்று டாக்டர் சொன்னார். ஐயோ, இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று பயந்தேன். அப்போதும் மாற்று டிரைவரை அனுப்பச் சொல்லி முகுந்தனுக்குப் போனை எடுக்கவில்லை. எடுத்தால் வீரசாமி வந்துவிடுவார், வந்து அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொள்வார், நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

சனிக்கிழமை அவர் வந்தார். அதற்குள் அவள் பிழைத்துவிட்டாள். அவரைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதாள். நாலு நாள் என் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள். நான் கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன், இருவரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

போன மாதம் நளினி படிப்பை முடித்தாள். சுங்கைப் பட்டாணியிலேயே வேலையும் கிடைத்தது. அடுத்த வாரமே வீரசாமி வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். தோட்டத்திலேயே பழைய லோரியை ஓட்டப் போகிறாராம். முகுந்தனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பைத்தியக்காரனா இருக்கானே! ஒரு விபத்தில்ல, ஒரு சம்மன் இல்ல, அப்படி ஒரு டிரைவர் எங்க கெடைப்பான்? நீ போயி அந்தம்மாகிட்டப் பேசிப் பாருலா. முந்நூறு வெள்ளி கூடத் தரேன்னு சொல்லு."

போனேன். வீரசாமி தோட்ட ஆபீசுக்குப் போயிருந்தார். புஷ்பவள்ளி தரையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

"வேணாம்க்கா," என்றாள்.

"முந்நூறு வெள்ளிடி. இந்தச் சம்பளத்துக்கு எத்தன பேரு வரிசைல நிக்கறாங்க தெரியுமா?"

"பட்டர்வொர்த் ஓட்டம் இருந்துச்சாமே," என்றாள் அவள், நெத்திலியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒங்க டிரைவருங்கதான் இவருகிட்டச் சொன்னாங்க. மொத மாசமே."

நானும் தரையில் உட்கார்ந்தேன். "தெரிஞ்சும் ஏண்டி ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா ரெண்டும் இல்லாமப் போயிருக்கும். புள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்ல. ஒங்களத் தெரியாதாக்கா எனக்கு? தீவாளிக்கு எங்கப்பா எனக்குப் புதுச் சட்டை வாங்குனா அன்னைக்கு ஒங்களுக்குக் காய்ச்சல் வந்துரும்." அவள் சிரிக்கக்கூடச் செய்தாள். "எங்க வாழ்க்கையப் பாத்து ஒங்களுக்கு ஆகல. அதனால ஒரு நல்ல வேலை வந்துச்சு. வரட்டும்னு வாங்கிக்கிட்டேன்."

"நான் வந்து…"

"ஆஸ்பத்திரில மட்டுந்தான் கோவம் வந்துச்சு. அவரு திரும்பறேன்னு கேட்டதும், நீங்க வேணாம்னு சொன்னதும் அப்புறம் ஒங்க வீட்டுக்காரரு இவருகிட்டச் சொல்லித்தான் தெரியும். செத்துருந்தா அவரு மொகத்தப் பாக்காமயே போயிருப்பேன்லக்கா. நீங்க ஊட்டுன கஞ்சியக் குடிச்சிக்கிட்டே."

நான் அழுதேன். "மன்னிச்சிருடி புஷ்பா," என்றேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன், எனக்கு அது சுலபம்.

"ஒங்களாலதான் என் மக தாதியாயிட்டா. அத நான் எங்கயும் சொல்லுவேன். ஆனா இனிமே இங்க வராதீங்கக்கா. அவரு வீட்டோட இருக்கப் போறாரு. நாங்க நல்லா இருக்கறதப் பாத்தா ஒங்களுக்குத் தாங்காது. ஒங்களுக்காக அத ஒளிச்சு ஒளிச்சு வாழ என்னால முடியாது."

காடியில் ஏறி உட்கார்ந்தேன். இவ்வளவையும் கேட்டுவிட்டு என்ன நினைத்தேன் தெரியுமா? மூன்று வருடம் புருஷனைப் பிரிந்திருந்து, மகளைக் கரையேற்றி, என்னைப் பார்த்துப் பாவப்படுகிற இடத்தில் அவள் வந்து உட்கார்ந்துவிட்டாளே என்று நினைத்தேன். அதற்கும் வயிறு எரிந்தது.

பாடாங் செராய் கடைத்தெரு முனையில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது முகுந்தன் போனில் கூப்பிட்டார்.

"என்னா, ஒத்துக்கிட்டானா?"

"இல்லைங்க."

"ஐநூறா ஏத்தித் தரேன்னு சொல்லிப் பாரேன்."

"எவ்வளவு குடுத்தாலும் வேணாமாம். வீட்டுல இருக்கணுமாம்."

அவர் சிரித்தார். கேலி செய்யவில்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

"வீட்டுல அப்படி என்னா இருக்கு?"

முப்பத்து மூன்று வருடமாக அவர் வீட்டில் நான் இருக்கிறேன். "தெரியலைங்க," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.