வந்த அன்றே நட வேண்டிய தண்டு

அன்று அந்தி சாயும் நேரத்தில் மொட்டை மாடியில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். தண்ணீர்த் தொட்டிப் படியில் சித்திகா. அவளுக்கு எதிரே, கவிழ்த்த பெயின்ட் வாளியின் மேல் அவள் கணவர் அமீர் ஹம்சா. கைப்பிடிச் சுவரோரம் நாற்காலியில் என் வீட்டுக்காரர் சீனிவாசலு. டிராகன் பழச் செடி நிற்கும் டிரம்முக்குப் பக்கத்தில், தரையில் நான்.

மூன்று வருடத்துக்கு முன்புவரை அவர்கள் துடியலூரில் எங்கள் அடுத்த வீடு. அதை விற்றுவிட்டுப் பொள்ளாச்சிக்குப் போனார்கள். வாங்கியவர் வீட்டை இடித்தபோது, மகள் ஹுமேரா கல்லூரியிலிருந்து கொண்டுவந்து வைத்த டிராகன் செடியும் போயிற்று. அதன் வம்சத்தில் மிஞ்சியது, கிளம்பும்போது சித்திகா எனக்கு வெட்டிக் கொடுத்த துண்டுகளில் ஒன்று மட்டும்தான்.

அந்தத் துண்டுகளை அன்றைக்கே நட்டுத் தண்ணீர் ஊற்றினேன். நட்டவை எல்லாம் அழுகின. துவைக்கும் கல்லுக்குப் பின்னால் நழுவி விழுந்து, யாரும் பார்க்காமல் காய்ந்து கிடந்த ஒன்று மட்டும் வெள்ளை வேர் விட்டிருந்தது. அதுதான் இன்று முதல் பூவை விரிக்கப் போகிறது.

குருடி மலைப் பக்கமிருந்து காற்று வந்தது. மொட்டின் வாய் லேசாக நெகிழ்ந்தது.

"மூச்சு விடற மாதிரியே இருக்குதுங்க அக்கா," என்றாள் சித்திகா.

"பாய், நீங்க கொட்டாவி விடாதீங்க. அது பாத்துட்டு மறுபடி மூடிக்கும்," என்றார் சீனிவாசலு.

"போங்ணா. பஸ்ல வந்த அலுப்புங்க."

வெள்ளை இதழ்கள் ஒவ்வொன்றாகப் பின்னுக்குச் சாய்ந்தன. மாடியே தண்ணீருக்குள் இறங்கிவிட்டதுபோல் எல்லாம் மெதுவாயிற்று. மேட்டுப்பாளையம் ரோட்டு வண்டிச் சத்தம்கூட எங்கோ அடியிலிருந்து வந்தது. அந்துப்பூச்சி ஒன்று பூவுக்குள் போய், மகரந்தம் அப்பிக்கொண்டு, வழி மறந்து சித்திகாவின் முக்காட்டில் உட்கார்ந்தது. அவள் அதை விரட்டவில்லை.

"ஹுமேரா ரம்ஜானுக்கு மஸ்கட்லிருந்து வாரா. வந்ததும் என் செடி எங்கம்மான்னுதான் கேப்பா," என்றாள். "நீங்க குடுத்தது ரெண்டு தடவை அழுகிப்போச்சு. இன்னிக்கு வாங்கிட்டுப் போறதும் போச்சுன்னா இனி கேக்கமாட்டேனுங்க அக்கா. செடிக்கும் வலிக்குமில்ல."

வெட்டிக் கொடுக்க முற்றிய தண்டு இனி ஒன்றுதான் இருந்தது. அதில்தான் பூ.

"நாலு நாள் நெழல்ல காயப் போட்டுட்டு நடு கண்ணுன்னு போன தடவையே சொன்னனே?"

"சொன்னீங்க. நீங்க கையில குடுத்ததை மூலையில வாடப் போட்டுட்டு நான் எப்படிங்க அக்கா தூங்கறது?"

கையில் வாங்கிய செடி நடாமல் ஓர் இரவுகூடத் தங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டிலும் பழக்கம்தான். நானும் அப்படித்தானே அவள் கொடுத்ததை அழுக விட்டேன்.

தண்டை வெட்ட அமீர் ஹம்சா கத்தியைக் கேட்டார். "பூத்த செடியில கத்தி வைக்கறதில்லைங்க," என்றேன். சித்திகா பூவைப் பார்த்தாள். கடைசி பஸ்ஸுக்கு அவர்கள் வெறும் கையோடுதான் போனார்கள். தெருமுனை வரை அவள் திரும்பித் திரும்பி மாடியைப் பார்த்தாள்.

பூ காய் பிடிக்காமல் உதிர்ந்தது. அதற்கப்புறம் தண்டை வெட்டி, பீரோவின் மேல் செய்தித்தாள் விரித்துக் கிடத்தினேன்.

"பாவம், அந்தப் புள்ளை அன்னைக்கு மொகம் வாடிப் போச்சு. கையிலயே குடுத்திருக்கலாம்," என்றார் சீனிவாசலு.

"இது வாடட்டுங்க. அவ வாட மாட்டா."

வெட்டுவாய் தோல்போல இறுகியதும் அட்டைப் பெட்டியில் வைத்தேன். எந்தப் பக்கம் மேலே என்று தண்டின் மீதே மையால் அம்பு போட்டேன். கூட ஒரு கடிதம்:

"அன்புள்ள சித்திகாவுக்கு, ராமாமணி எழுதுவது. இங்கு நலம். இத்துடன் ஹுமேராவின் செடி வருகிறது. அம்பு மேல்நோக்கி இருக்கட்டும். தண்ணீர் மட்டும் ஒரு வாரம் கழித்து ஊற்று. மற்றபடி உன் வழக்கம்போலவே செய் கண்ணு. வந்த அன்றைக்கே நட்டுவிடு."

மடித்து உறையிலிட்டு ஒட்டி, பெட்டிக்குள் வைத்துக் கட்டினேன். தபாலாபீஸில் இருந்த பெண் எடை போட்டுவிட்டு, "சீக்கிரம் போகணுங்களாம்மா?" என்று கேட்டாள்.

"வேண்டாம் அம்மணி. மெதுவாவே போகட்டும்," என்றேன். அவள் முத்திரை குத்திப் பெட்டியைப் பொள்ளாச்சிப் பைக்குள் இறக்கினாள்.