பத்ரிநாராயணன் கார் குடித்த தண்ணீர்

பத்ரிநாராயணனின் கார், மந்தைவெளியிலிருந்து கிண்டி போய்ச் சேருவதற்குள், தரையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் நான்கு லிட்டர் தண்ணீரைக் குடித்தது. சென்ற வருடம் சித்திரையில் இது தொடங்கியது. காருக்கு அப்போது இருபத்தெட்டு வயது. நந்தனம் சிக்னலில் வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கும், சைதாப்பேட்டைப் பாலத்தில் சிவப்புக் கோட்டைத் தொடும். ஆவிகூட வராது, காய்ந்த இரும்பு நாற்றம் மட்டும் வரும். ரேடியேட்டரைத் திறந்தால் உள்ளே துடைத்து வைத்ததுபோல் இருக்கும். முப்பத்தொரு வருடம் பள்ளியில் வெப்பவியல் நடத்திய மனிதருக்குத் தன் கார் ஏன் சூடாகிறது என்று தெரியவில்லை என்பதை அக்கம்பக்கத்தார் கொஞ்சம் ரசிக்கவே செய்தார்கள்.

அவரால் ரசிக்க முடியவில்லை. மனைவி ஹம்சாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்குக் கிண்டியில் டயாலிசிஸ். பத்து நிமிடம் தாமதித்தாலும் படுக்கை வேறொருவருக்குப் போய்விடும். வாடகைக் காரில் ஒருமுறை வாந்தி எடுத்ததற்கு ஓட்டுநர் பேசிய பேச்சை ஹம்சா மறக்கவில்லை. இனிமேல் நம்ம வண்டிதான் என்று சொல்லிவிட்டாள். ஆகவே பாலத்தில் முள் ஏறும்போதெல்லாம் பத்ரி கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். இன்ஜின் சூட்டை வெளியே இழுக்க, அந்தக் கத்திரி வெயிலிலும் ஹீட்டரைப் போடுவார். இரண்டு பேரும் வியர்த்து வழிந்தபடி போவார்கள். ஹம்சாவுக்கு ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி தண்ணீர்தான் அனுமதி, ரசமும் காப்பியும் சேர்த்து. பள்ளி ஆய்வகத்து அளவுக் குடுவையில் பத்ரிதான் அளந்து கொடுப்பார். கடைசிச் சொட்டு விழுந்த பிறகும் அவள் குடுவையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நேரங்களில் தன்னைவிடக் கொடியவன் இந்த ஊரில் இல்லை என்று அவருக்குத் தோன்றும்.

சைதாப்பேட்டை மெக்கானிக் ரகுபதி காரை ஆறு முறை அடியில் படுத்தும் பிரித்தும் பார்த்தான். ரேடியேட்டர் மூடியை மாற்றினான், ஹோஸ்களை மாற்றினான், நம்ம ஊர் வெயிலுக்கு எதற்கு என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தான். விசிறி சரியாகச் சுற்றியது. காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்ததில் எங்கும் ஒழுகவில்லை. இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தான். தண்ணீர் கசியாமல் அடைக்கும் கேஸ்கட் புதுசு மாதிரி இருந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் மோர் நிறத்தில் இருக்கும், அதுவும் இல்லை. கடைசியில் வண்டிக்கு அடியில் தினத்தாளை விரித்து அரை மணி நேரம் ஓடவிட்டான். தாள் நனையவில்லை. தண்ணீரும் குறையவில்லை.

"சும்மா நின்னா குடிக்க மாட்டேங்குது சார். அம்மா ஏறி உக்காந்தாதான் குடிக்குது," என்றான், டீ ஆறிவிட்டது என்று சொல்லும் குரலில். "எங்க போவுதுன்னு மட்டும் எனுக்குத் தெரில. போர் தண்ணி ஊத்தாத, உப்பு படியும். கேன் தண்ணி ஊத்து."

ஒரு புதன்கிழமை கேன் வரவில்லை. பத்ரி சமையலறையிலிருந்த பானைத் தண்ணீரை இரண்டு பாட்டிலில் பிடித்துக்கொண்டார். அவர் தனக்காக வெட்டிவேர் போட்டு வைத்திருந்த தண்ணீர் அது. நந்தனத்தில் ஓரங்கட்டி ஊற்றிவிட்டு வண்டியை எடுத்தார். தேனாம்பேட்டைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த ஹம்சா திரும்பினாள்.

"ஏன்னா, வாயெல்லாம் வெட்டிவேர் மணக்கறது."

"வண்டில வாசனை அடிச்சிருக்கும்."

"வாசனை இல்லைன்னா. குடிச்ச மாதிரி இருக்கு. தொண்டை ஜில்லுனு இருக்கு."

போன மாதம் முழுக்க இதே சாலையில் அவள் வாய் உப்புக் கரிக்கிறது என்று சொன்னதும், மருத்துவர் அதை நோயின் குணம் என்று எழுதிக்கொண்டதும் பத்ரிக்கு நினைவு வந்தது. போர் தண்ணீர் ஊற்றிய நாட்கள் அவை. மறுமுறை அவளிடம் சொல்லாமல் சீரகத் தண்ணீர் ஊற்றினார், சீரகம் மணக்கிறது என்று அவளே சொல்லிவிட்டாள். அடுத்த முறை துளசித் தண்ணீர், அதையும் சொன்னாள். கிண்டியில் எடை பார்க்கும் நர்ஸ் தீபிகா, இரண்டு நாளில் முந்நூறு கிராம்தான் ஏறியிருக்கிறது, இப்படிக் கட்டுப்பாடாக இருப்பவரைப் பார்த்ததே இல்லை என்று மற்ற நோயாளிகளிடம் காட்டிப் பெருமைப்பட்டாள். தாகம் ஹம்சாவுக்குத் தீர்ந்தது, தண்ணீர் உடம்பில் சேரவில்லை. பத்ரி இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடுமோ என்ற பயம்.

சொல்லாததுதான் தப்பாகிப்போனது. கேட்காமல் நல்லது செய்வது ரகுபதியின் குணம். பிரேக் பார்க்க விட்ட வண்டியில், பாவம் சார் தினமும் பாட்டில் தூக்குகிறார் என்று, தண்ணீருக்குப் பதிலாக இன்ஜினைக் குளிர்விக்கும் பச்சை நிறக் கூலண்ட்டை நிரப்பி மூடியை இறுக்கிவிட்டான். திங்கட்கிழமை நந்தனம் தாண்டியும் முள் பாதியிலேயே நின்றது. பத்ரிக்குச் சந்தோஷம் ஒரு நிமிடம்தான்.

"இன்னிக்கு என்னன்னா ஊத்தினேள்? பாயசம் மாதிரி தித்திக்கறது," என்றாள் ஹம்சா. அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

பத்ரி பாலத்தின் நடுவிலேயே இன்ஜினை அணைத்துக் கொதிக்கும் மூடியைத் துண்டால் திருகினார். உள்ளங்கை வெந்தது. உள்ளே மிச்சமிருந்தது பச்சையாகப் பளபளத்தது. அது விஷம் என்பது வெப்பவியல் ஆசிரியருக்குத் தெரியும். அதற்குள் ஹம்சாவின் தலை சாய்ந்துவிட்டது. பின்னால் பேருந்துகள் அலறின. அவர் ரகுபதியை போனில் கூப்பிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாகக் கெட்ட வார்த்தை பேசினார். ரகுபதி ஸ்கூட்டரில் வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டு கிண்டிக்குப் பறந்தான். ஹம்சா நடுவில், பத்ரி பின்னால் அவளை இறுகக் கட்டிக்கொண்டு. நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரம் கழுவியது. கழிவுக் குழாயில் இளம்பச்சை நிறம் ஓடியதைத் தீபிகா பதிவேட்டில் குறித்துக்கொண்டு, அடுத்த நோயாளிக்கு ஊசி எடுத்தாள். பதினொரு மணிக்கு ஹம்சா கண் திறந்தாள்.

வெளியே பெஞ்சில் பத்ரி எல்லாவற்றையும் சொன்னார். ரகுபதி தலையை ஆட்டிக் கேட்டான்.

"இத்த மொதல்லயே சொல்லிருந்தா நான் ஏன் சார் ரிப்பேர் பண்ணப்போறேன்? கம்ப்ளைண்டே இல்லியே அது," என்றான். அன்றே ரேடியேட்டரை ஏழு தரம் கழுவினான்.

வண்டி இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று பத்ரி கேட்டார். மருத்துவரிடமும் அவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தார். "ஓட்ற வரிக்கும் ஓடும் சார். முள்ளு ஏற்றதுக்குள்ள ஊத்திடு," என்றான் ரகுபதி.

முள்ளைப் பார்க்கும் பயம் பத்ரிக்கு இன்றும் போகவில்லை. ஆனால் டயாலிசிஸ் இல்லாத நாட்களிலும் இப்போது வண்டியை எடுக்கிறார். மாலையில் பெசன்ட் நகர் கடற்கரை ஓரம் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, பானெட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு பானைத் தண்ணீரை மெல்ல ஊற்றுகிறார். சுண்டல் விற்பவர்கள் சுற்றிக்கொண்டு போகிறார்கள். ஹம்சா இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறாள். சென்ற வெள்ளிக்கிழமை மூன்றாவது பாட்டிலை அவர் பாதி கவிழ்த்திருந்தபோது, அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "போறும்னா," என்றாள்.